பராக்கும் பாவமும்

செபத்தின் நடுவே மனம் வேறு பக்கம் போவதைப் 'பராக்கு' என்று குறிப்பிடுவது தமிழ்க் கத்தோலிக்கரிடையே நெடுநாள் வழக்கு. ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகுவோர் பலர், பொய், கோபம், பொறாமை ஆகியவற்றோடு 'செபத்தில் பராக்கு' என்பதையும் ஒரே மூச்சில் அறிக்கையிடுவதுண்டு. பாடவேளையில் சன்னலுக்கு வெளியே பார்த்திருக்கும் சிறுவனையும் இதே சொல்லைக் கொண்டுதான் கடிந்துகொள்கின்றோம். கோவிலாயினும் பள்ளியாயினும் அச்சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கின்றது. மனம் வைத்தால் முடியும்; அவன் மனம் வைக்கவில்லை; ஆதலின் அவன் குற்றவாளி என்பதே அத்தீர்ப்பு.

இத்தீர்ப்பு எந்த அளவுக்கு நேர்மையானது? கவனம் என்பது விரும்பியபோது ஏற்றவும் அணைக்கவும் கூடிய விளக்கைப் போன்றதா? அன்றிக் கண்பார்வையைப் போல, உடலின் நிலையைச் சார்ந்து ஒருவருக்கு மிகுந்தும் மற்றொருவருக்குக் குறைந்தும் அமைவதா? உடலைச் சார்ந்தது என்று கொண்டால், அறநெறியில் 'பொறுப்பு' என்னும் சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும்? இவ்வினாக்களைச் சிந்திப்பதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் ரேட்டியின் எழுத்துகள் நமக்குப் பெரிதும் துணைபுரிகின்றன.

ரேட்டி, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையைச் சேர்ந்த பேராசிரியர். 1994ஆம் ஆண்டு, எட்வர்டு ஹாலோவெல் என்னும் மனநல மருத்துவருடன் இணைந்து, கவனக் குறைபாட்டைப் பற்றி 'டிரிவன் டு டிஸ்ட்ராக்ஷன்' என்னும் நூலை வெளியிட்டார். குழந்தைப் பருவத்தோடு மறைந்துவிடும் என்று பலரும் எண்ணியிருந்த இக்குறை, வளர்ந்தோர் பலரின் வாழ்விலும் தொடர்கின்றது என்பதைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்த நூல் அது. தமக்கும் இக்குறைபாடு உண்டு என்பதை ஆசிரியர் இருவரும் மறைக்கவில்லை. 2008இல் எரிக் ஹாகர்மன் என்பவரின் துணையோடு ரேட்டி எழுதிய 'ஸ்பார்க்' என்னும் நூல், உடற்பயிற்சிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை விளக்குவது. 2021இல் ஹாலோவெலுடன் மீண்டும் இணைந்து, கவனக் குறைபாட்டைப் பற்றிய புதிய அறிவைத் தொகுத்து மற்றொரு நூலைத் தந்தார்.

ஒழுக்கக் குறையா, உடற்குறையா?

இக்குறைபாட்டுக்கு மருத்துவ உலகம் இட்ட பெயர்களின் வரலாறே நமக்கு ஒரு பாடம். 1902ஆம் ஆண்டு, இலண்டனிலுள்ள அரச மருத்துவர் கழகத்தில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் சொற்பொழிவுகள் சில நிகழ்த்தினார். அறிவில் குறைவற்றிருந்தும், ஒன்றில் நிலைத்திருக்கவோ, உள்ளெழும் உந்துதலை அடக்கவோ இயலாத குழந்தைகளை அவர் விவரித்தார். அவர் அதற்குச் சூட்டிய பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு' என்பது. பெயர் கடுமையாக ஒலிக்கின்றது. ஆயினும், நல்ல வளர்ப்பைப் பெற்ற குழந்தைகளிடத்தும் இது காணப்படுகின்றது, எனவே உடல் சார்ந்த காரணம் இருக்கக்கூடும் என்று அவர் கருதியது குறிப்பிடத்தக்கது. ஒழுக்கத்தின் பெயரால் தொடங்கிய ஆய்வு, முதல் அடியிலேயே உடலை நோக்கித் திரும்பிவிட்டது.

1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், தம் இல்லத்தில் சிகிச்சை பெற்றுவந்த குழந்தைகள் சிலருக்குத் தலைவலி தீர்க்கும் எண்ணத்துடன் பென்செட்ரின் என்னும் தூண்டல் மருந்தைக் கொடுத்தார். தலைவலியைப் பொறுத்தவரை பயன் அதிகமில்லை. ஆனால் அக்குழந்தைகளுள் பலர் திடீரெனப் பாடத்தில் ஈடுபாடு கொண்டனர்; சிலர் அமைதியுற்றனர். எழுப்பிவிடும் மருந்து எவ்வாறு அமைதி தரும் என்பது அன்று பெரும் புதிராயிருந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டில் இதற்குக் 'கவனக் குறைபாடு' என்று பெயரிட்டது. 1987இல் 'மிகையியக்கம்' என்னும் சொல்லும் அதனோடு சேர்ந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த கணிப்பு ஒன்று, சிறுவர் சிறுமியருள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இது உண்டு என்கின்றது. மரபுவழி வருவதில் இதன் பங்கு பெரிது என்பதை இரட்டையரைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன.

உள்ளே நிகழ்வது என்ன? எண்ணியதைத் தொடங்கவும், தொடங்கியதில் நிலைக்கவும், வேண்டாததைத் தள்ளவும் நமக்கு உதவுவது மூளையின் நெற்றிப் பகுதி. அப்பகுதி செவ்வனே இயங்க டோபமின், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்கள் தக்க அளவில் தேவை. பிராட்லி கண்ட புதிருக்கு விடை இதுவே: அம்மருந்து குழந்தையின் கைகால்களைத் தூண்டியதைவிட, அவற்றை அடக்கி ஆளும் பகுதியைத் தூண்டியது.

'விளையாட்டில் மணிக்கணக்காக ஒன்றியிருக்கின்றானே, பாடத்தில் மட்டும் முடியாதோ?' என்று பெற்றோர் கேட்பது இயல்பு. ஆனால் இக்கேள்வியே குறையின் தன்மையை வெளிப்படுத்துகின்றது. விளையாட்டு நொடிக்கு நொடி பலன் தருகின்றது. பாடம் ஆண்டிறுதியில் தருகின்றது. உடனடிப் பலன் இல்லாத இடத்தில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஆற்றல்தான் அக்குழந்தைக்குக் குறைவு. கவனம் இல்லாமை என்பதைவிட, கவனத்தைத் தான் விரும்பும் இடத்திற்குச் செலுத்த இயலாமை என்பதே பொருத்தம். நன்மையை விரும்பியும் அதைச் செய்ய இயலாமல் தவிப்பதைப் பவுலடியார் உரோமையர்க்கு எழுதிய திருமடலில் விவரிக்கின்றாரே, அத்தவிப்பை இக்குழந்தைகள் ஒரு கணக்குப் பாடத்தின் முன் அன்றாடம் உணர்கின்றனர்.

கண் காணாத முயற்சி

'ஸ்பார்க்' நூலில் ரேட்டி விவரிக்கும் நிகழ்ச்சி ஒன்று, அறநெறி கற்பிப்போர் அனைவரும் நினைவில் கொள்ளத் தக்கது. சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில் என்னும் ஊரில் பில் லாலர் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். மாணவர்களை வாரந்தோறும் ஒரு மைல் தூரம் ஓடச் செய்வது அவர் வழக்கம். ஒருநாள், ஓட்டத்தில் பின்தங்கிவிடும் சிறுமி ஒருத்தியின் உடலில் இதயத்துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி ஓடவிட்டார். ஓட்டம் முடிந்தபின் பதிவைப் பார்த்தவர் வியந்துபோனார். அவளுடைய வயதுக்கு இதயம் எட்டக்கூடிய உச்ச அளவை அவளுடைய துடிப்பு நெருங்கியிருந்தது. கண்ணுக்கு மெதுவாகத் தோன்றிய அந்தச் சிறுமி தன்னால் இயன்ற அனைத்தையும் கொடுத்து ஓடியிருந்தாள். கடிகாரத்தை மட்டும் நம்பியிருந்தால், முயற்சி போதாது என்றே அவளைப் பற்றி எழுதியிருப்பார்கள்.

அன்று முதல் லாலர் மதிப்பெண் வழங்கும் முறையை மாற்றினார். யார் முதலில் வந்தார் என்பதை விடுத்து, யார் தம் ஆற்றலுக்கேற்ப உழைத்தார் என்பதைக் கணக்கில் எடுத்தார். அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில், பாடங்கள் தொடங்குமுன் அதிகாலையில் மாணவர் சிலரை ஓடவைத்து, அதன்பின் வாசிப்பு வகுப்புக்கு அனுப்பும் திட்டமும் உருவாயிற்று. அவர்கள் வாசிப்பில் நன்கு முன்னேறினர். 1999இல் பன்னாட்டளவில் நடந்த கணித, அறிவியல் தேர்வில் நேப்பர்வில் பள்ளி மாவட்டத்தின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் அறிவியலில் முதலிடமும் கணிதத்தில் ஆறாம் இடமும் பெற்றனர். இவ்வெற்றி முழுவதையும் ஓட்டத்தின் கணக்கில் எழுதிவிடலாகாது. நேப்பர்வில் வசதி படைத்த ஊர், பெற்றோர் கற்றவர்கள். எந்தப் பங்கு எதனால் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

நம் கருத்தைக் கவர்வது தேர்வின் முடிவைக் காட்டிலும் அந்தச் சிறுமியின் இதயத்துடிப்பே. மனிதருடைய செயலின் விளைவை நாம் காண்கின்றோம். அதற்கு அவர் கொடுத்த விலையைக் காண்பதில்லை. பத்து நிமிடம் அசையாமல் அமர்ந்திருப்பது ஒரு குழந்தைக்கு மூச்சு விடுவது போல எளிது. மற்றொரு குழந்தைக்கு மலையேறுவது போல அரிது. இருவரையும் ஒரே கோலால் அளந்து, முன்னவனை நல்லவன் என்றும் பின்னவனைச் சோம்பேறி என்றும் சொல்லும்போது, நாம் ஒழுக்கத்தை அளக்கவில்லை. பிறப்பில் வந்த கொடையை அளக்கின்றோம். கொடையின் அளவை வைத்துத் தீர்ப்பிடுவது நீதியாகாது.

உடலோடு கூடிய ஆன்மா

ரேட்டி உடற்பயிற்சியின் பக்கம் திரும்பியதற்கு அவரிடம் வந்த நோயாளிகளும் காரணம். நெடுந்தூர ஓட்டக்காரராயிருந்த அறிஞர் ஒருவர், முழங்காலில் அடிபட்டு ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. அதன் பின்னரே அவரிடம் மனச்சோர்வும் கவனச் சிதறலும் வெளிப்பட்டன. இத்தனை ஆண்டுகள் அவர் தம்மை அறியாமலேயே ஓட்டத்தை மருந்தாக உட்கொண்டிருந்தார் என்று ரேட்டி உணர்ந்தார். உடல் கடுமையாக உழைக்கும்போது, கவனத்துக்கு வேண்டிய அதே வேதிப்பொருள்கள் மூளையில் மிகுகின்றன. அன்றியும், நரம்பணுக்களைப் பேணி வளர்க்கும் புரதம் ஒன்று உண்டு. 1982இல் பிரித்தெடுக்கப்பட்ட அது, உடற்பயிற்சியால் எலிகளின் மூளையில் பெருகுவதை 1995இல் கலிபோர்னிய ஆய்வாளர் கண்டனர். 1999இல் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வுற்ற 156 முதியோரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியும், ஒன்றுக்கு மருந்தும், ஒன்றுக்கு இரண்டும் அளித்தனர். மருந்து விரைவில் பலன் தரத் தொடங்கியது. எனினும் 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றிருந்தனர்.

இச்செய்திகள் சிலருக்கு அச்சம் தரக்கூடும். மனமும் கவனமும் வெறும் வேதிப்பொருளின் விளையாட்டு என்றால், ஆன்மாவுக்கு இடமேது என்று வினவுவர். ஆனால் இந்த அச்சம் நம் மரபிலிருந்து எழுவதன்று. ஆன்மா உடலுக்குள் சிறைப்பட்ட பறவை என்பது பிளேட்டோ வழிவந்த எண்ணம். ஆன்மாவே உடலின் வடிவம், இரண்டும் சேர்ந்தே மனிதன் என்பது புனித தோமா அக்குவினாவின் போதனை. 1312இல் வியன்னே பொதுச்சங்கமும் இதையே திருச்சபையின் கோட்பாடாக உரைத்தது. உடலின் உறுப்பு பழுதுற்றால் அறிவும் தன் செயலில் தடைப்படும் என்று தோமா வெளிப்படையாகவே எழுதுகின்றார். துயருற்றோர்க்கு உறக்கமும் குளியலும் ஆறுதல் தரும் என்று தம் இறையியல் தொகுப்பில் தனியொரு பகுதி அமைத்தவரும் அவரே. மூளையைப் படம்பிடிக்கும் கருவி எதுவும் இல்லாத 13ஆம் நூற்றாண்டில், ஆன்மாவின் துயருக்கு உடலின் வழியே மருந்து தேடுவதை அவர் இழிவாகக் கருதவில்லை.

பொறுப்பு எங்கே போயிற்று?

அறநெறி இறையியல், அறிந்தும் விரும்பியும் செய்யும் செயலையும், மனிதனிடத்தில் தானே நிகழ்ந்துவிடும் செயலையும் வேறுபடுத்திக் காண்கின்றது. முன்னதற்கே முழுப் பொறுப்பு உண்டு. செபத்தில் பராக்கைப் பற்றிப் பேசும்போதும் தோமா இதே கோட்டை வரைகின்றார். வேண்டுமென்றே மனத்தை அலையவிடுவது குற்றம். விரும்பாமலே மனம் அலைந்தால் செபத்தின் பயன் அழிந்துபோவதில்லை. தொடக்கத்தில் கொண்ட நல்ல நோக்கம் அச்செபத்தைத் தாங்கிநிற்கின்றது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கவனமின்மை, பழக்கம், அச்சம், உளவியல் காரணங்கள் ஆகியவற்றால் ஒரு செயலுக்கான பொறுப்பு குறையவும் சில வேளை நீங்கவும் கூடும் என்று கற்பிக்கின்றது.

அப்படியானால், 'என் மூளை இப்படி. நான் என்ன செய்ய?' என்று ஒவ்வொருவரும் கையை விரித்துவிடலாமா? ஆகாது. பார்வை மங்கியவர் மீது குற்றமில்லை. ஆனால் தம் பார்வை மங்கியதை அறிந்தும், கண்ணாடி கையிலிருந்தும், அதை அணியாமல் வண்டி ஓட்டி ஒருவரை இடித்துவிட்டால் அதற்கு அவர் பொறுப்பாளியே. கவனக் குறைபாடும் அத்தகையதே. குறை இருப்பதற்கு ஒருவர் பொறுப்பல்லர். அதை அறிந்தபின் கைக்கெட்டிய வழிகளைத் தேடுவதற்கு அவர் தம்மால் இயன்ற அளவு பொறுப்பாளி. பொறுப்பு மறைந்துவிடவில்லை. கணத்துக்குக் கணம் மனத்தோடு போராடுவதினின்று, தன் நாளை ஒழுங்கு செய்துகொள்ளும் இடத்திற்கு அது நகர்ந்திருக்கின்றது. உறக்கம், உழைப்பு, நடை, வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளல், உதவி கேட்கும் தாழ்மை ஆகியவை இவ்வாறு அறச்செயல்களாகின்றன.

குழந்தையோ தனக்குரிய கண்ணாடியைத் தானே வாங்கிக்கொள்ள இயலாது. அதன் நாளை ஒழுங்கு செய்பவர்கள் பெரியவர்கள். ஆகவே அதன் பராக்குக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில், அசையாமல் இராத குழந்தைக்குத் தண்டனையாக இடைவேளை விளையாட்டை மறுப்பது வழக்கமாயிருந்தது. தண்டனைக்காகவோ படிப்பைக் காரணம் காட்டியோ இடைவேளையைப் பறிக்கலாகாது என்று 2013இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவுறுத்த வேண்டியிருந்தது. ஓடினால் அடங்கக்கூடிய குழந்தையை, அடங்கவில்லை என்பதற்காக ஓடவிடாமல் தடுப்பது, காய்ச்சல் கண்டவனுக்குக் காய்ச்சலுக்காகவே மருந்தை மறுப்பதை ஒக்கும். அங்கே குற்றம் யாருடையது?

புதிய தீர்ப்புகள் வேண்டா

ஆயினும் இங்கே மற்றொரு எச்சரிக்கை தேவை. பழைய தீர்ப்பை நீக்கிய அறிவே புதிய தீர்ப்பாக மாறக்கூடும். 'ஓடினால் சரியாகிவிடும், நீதான் எழுந்து ஓடுவதில்லை' என்று மனச்சோர்வுற்றவரிடம் சொல்வது, 'மனம் வைத்தால் முடியும்' என்ற பழைய சொல்லின் மறுபிறப்பே. எழுந்திருக்கும் ஆற்றல்தானே அவரிடம் அடிபட்டிருக்கின்றது! டியூக் ஆய்வில் பங்குபெற்றோர் தனித்து விடப்படவில்லை; வாரம் மூன்று நாள் பிறரோடு சேர்ந்து, வழிகாட்டுவோர் துணையுடன் பயின்றனர். சோர்ந்தவருக்கு அறிவுரையைவிட, வாசலில் வந்து நின்று 'சேர்ந்து நடப்போம், வாருங்கள்' என்று அழைக்கும் ஒருவரே தேவை.

அவ்வாறே, மருந்து உட்கொள்வோரைக் குறைத்து மதிப்பதும் தவறு. 1999இல் வெளிவந்த பெரும் ஆய்வு ஒன்று, 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்து, கவனக் குறைபாட்டின் முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில், நன்கு கண்காணித்துத் தரப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சி மட்டும் பெறுவதைவிட மேலானது எனக் கண்டது. ரேட்டியும் உடற்பயிற்சியை மருந்தின் பகையாக நிறுத்துவதில்லை, துணையாகவே நிறுத்துகின்றார். மருத்துவர் தகுந்த ஆய்வுக்குப்பின் தரும் மருந்தை, நம்பிக்கைக் குறைவு என்றோ குறுக்குவழி என்றோ எவரும் பழிக்க வேண்டா.

இன்னும் ஆழமான இடர் ஒன்றும் உண்டு. மூளை நலம் என்பது நம் காலத்தில் ஒரு புதிய நற்பண்பைப் போலப் போற்றப்படுகின்றது. கூர்மையாகக் கவனிப்பவர், விரைவாகக் கற்பவர், முதுமையிலும் நினைவு மங்காதவர் உயர்ந்தோராகக் கருதப்படுகின்றனர். நலம் நல்லதே, அதைத் தேடுவதும் கடமையே. ஆனால் மனிதரின் மதிப்பு அவருடைய மூளையின் திறனில் தங்கியிருக்கவில்லை. நாள்தோறும் நடந்தும் நினைவிழந்த முதியவரும், மருந்தும் பயிற்சியும் பெற்றும் கணக்கில் தடுமாறும் சிறுவனும் இறைவனின் சாயலில் எள்ளளவும் குறைந்தவரல்லர்.

ஆகவே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் மறைக்கல்வி கற்பிப்போர்க்கும் நாம் சொல்லக்கூடியது இதுவே. கவனம் சிதறும் குழந்தையைக் காணும்போது, 'ஏன் மனம் வைக்கவில்லை?' என்று கேட்குமுன், 'இதற்கு இக்குழந்தை எவ்வளவு பாடுபடுகின்றது?' என்று கேட்போம். இன்று அது ஓடி விளையாடியதா, நன்றாக உறங்கியதா என்று பார்ப்போம். குறை நீடித்தால் தயங்காமல் மருத்துவரை நாடுவோம். செபத்தில் பராக்கு என்று வருந்தி வருவோர், அலைந்த மனத்தை மீண்டும் மீண்டும் திருப்பிக் கொணர்ந்த அந்த உழைப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு செபத்தில் நூறு முறை மனம் விலகி நூறு முறை திரும்பியிருந்தால், அவர் இறைவனை நூறு முறை தேடியிருக்கின்றார்.